கல்லூரி வானொலியிற் செய்தித் தேர்வு

வானொலியிற் செய்தி வாசித்தல் எளிது. வாசிக்கத்தக்க செய்தியைத் தேர்தல் அரிது. நாளிதழ் வாசகன் தனக்கு வேண்டாத பத்தியைத் தாண்டிச் செல்லலாம். வானொலி கேட்போனுக்கு அவ்வசதி இல்லை. அறிக்கைக்கு உரிய காலமோ சில நிமிடங்களே. ஆதலின், ஒரு செய்தி இடம்பெறும்போது மற்றொன்று இடமிழக்கின்றது. கல்லூரி வானொலியை நடத்துவோர் முதற்கண் உணரவேண்டுவது இவ்விழப்பையே.

பெருஞ்செய்தி நிறுவனங்கள் தருவனவற்றைச் சுருக்கி, மாணவர் குரலில் மீண்டும் ஒலிபரப்புவதையே செய்திப்பணியெனக் கொள்வாருளர். குரற்பயிற்சிக்கு அஃது உதவுமென்பது உண்மை. ஆயின், பெரிய நிலையத்திற் கேட்டதையே சிறிது காலந்தாழ்த்திக் கேட்பவன் அடையும் பயன் யாது? தொலைவில் நிகழ்ந்ததன் மெய்ம்மையை ஆராயும் வாய்ப்பும் மாணவ ஆசிரியனுக்கு இல்லை. பிறர் செய்த பிழையைத் தன் பிழையாக்கிக்கொள்வதே அவனுக்கு எஞ்சும்.

இத்துறையின் முன்னோடிகள் வேறு வழியிற் சென்றனர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியர் ஏர்ல் ரெறி நடத்திய பரிசோதனை நிலையம், 1916 ஆம் ஆண்டிலேயே வானிலை அறிவிப்புக்களைத் தந்திக் குறியீடுகளால் அனுப்பத் தொடங்கியது. பின்னர் அவை மனிதக் குரலிலும் ஒலித்தன. சந்தை விலைகளும் உடன்சேர்ந்தன. அந்நிலையத்தைச் சூழ இருந்தோர் உழவர். அஞ்சலில் வரும் நாளிதழ் கைக்கெட்டுமுன் வானிலை மாறிவிடக்கூடும். கேட்போர் யார், இன்று அவர்க்கு வேண்டுவது யாது என்னும் இரு வினாக்களுக்கும் விடையாகவே அச்செய்தி அமைந்தது.

இதனோடு இந்தியாவின் நிலையை ஒப்புநோக்குதல் தகும். 2004 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அந்நாட்டின் முதலாவது வளாகச் சமுதாய வானொலி தொடங்கப்பெற்றது. ஆயின், செய்தியும் நடப்பு விவகாரமும் சமுதாய வானொலிகளுக்கு விலக்கப்பட்டிருந்தன. அகில இந்திய வானொலியின் செய்தியை உள்ளவாறோ உள்ளூர் மொழியிற் பெயர்த்தோ வழங்கலாமெனப் பின்னர் விதி தளர்ந்தது. அவ்விதிகள் சிலவற்றைச் செய்தியாகக் கருதுவதில்லை என ஒதுக்கியும் வைத்தன: தேர்வு முடிவு, கல்லூரி அனுமதி, வேலைவாய்ப்பு, மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர் எச்சரிக்கை என்பன அவை. இங்கே ஒரு முரண் தோன்றுகின்றது. சட்டம் செய்தியன்று எனத் தள்ளியவையே மாணவனும் அயலவனும் முதற்கண் அறிய விழைவன. உழவர்க்கு விஸ்கொன்சின் அளித்த வானிலையும் இவ்வகையினதே. எனவே தடை இருந்தவிடத்தும் நற்செய்திப்பணிக்கு இடம் அற்றுப்போகவில்லை. எனினும் தடையால் விளைந்த குறை சிறிதன்று. குடிநீர் இன்று வாராது என அறிவிக்கலாம். ஏன் வாராது என வினவுதல் இயலாது.

அவ்வினாவை எழுப்பும் உரிமை கிடைத்தவிடத்துக் கல்லூரி வானொலி எய்தக்கூடிய தகுதிக்கு, நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் வானொலி சான்றாகும். 1968 ஏப்பிரல் 30 ஆந் திகதி காவற்றுறையினர் வளாகத்துட் புகுந்து, மாணவர் கைப்பற்றியிருந்த கட்டடங்களை மீட்டனர். ஏறக்குறைய 700 பேர் கைதாயினர். அந்நாட்களில் நிகழ்ந்தவற்றை மாணவர் வானொலி உடனுக்குடன் அறிவித்தது. ஐம்பத்தாறு ஆண்டுகள் கழிந்து, 2024 இல் அதே திகதியில், ஹமில்ரன் மண்டபத்துட் காவற்றுறையினர் மீண்டும் புகுந்தனர். வெளிச்செய்தியாளர் பலர்க்கு உள்ளே இடமிருக்கவில்லை. இசைக்குப் பெயர்பெற்ற அந்நிலையத்தின் மாணவர், வழமையான நிகழ்ச்சிகளை நிறுத்தித் தாம் கண்டதையும் கேட்டதையும் கூறினர். கேட்போர் பெருகியமையால் நிலையத்தின் இணையத்தளம் சில வேளை செயலிழந்தது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்நிலையத்தின் ஒலிபரப்பு உரிமம் அப்பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் வசமே உள்ளது. உரிமையாளர் எடுத்த முடிவின் விளைவையே மாணவர் அறிவிக்கவேண்டியிருந்தது. கல்லூரி வானொலியின் செய்தித் தேர்வுக்கு உண்மையான சோதனை இதுவே. பரிசளிப்பு விழாவையும் விளையாட்டு வெற்றியையும் அறிவிக்க எவரும் தயங்கார். விடுதியின் உணவுக் குறையை அறிவிக்குங்கால் தயக்கம் பிறக்கும்.

முதிர்ச்சியற்ற மாணவர் வதந்தியைப் பரப்புவர் என்பார் கூற்றுப் புறக்கணிக்கத்தக்கதன்று. அதற்கு மருந்து மௌனமாகாது, முறையே மருந்தாகும். நேரிற் சென்று காணல், இரு தரப்பாரையும் வினவல், அறியாததை அறியோம் என ஒப்புதல், தண்டனை பெற்ற மாணவன் பெயரைக் காரணமின்றிக் கூறாதிருத்தல், பிழை நேரின் அடுத்த அறிக்கையிலேயே திருத்தல் என்பன அம்முறையின் கூறுகள். அருகில் நிகழ்ந்ததற்கே இவையனைத்தும் இயலும். தொலைவிலுள்ள போரைப் பற்றி மாணவன் பிறர் சொல்லை மீளச் சொல்லலாம். தன் வளாகத்தைப் பற்றி அவனே சாட்சியாகலாம்.

ஆகவே கல்லூரி வானொலியின் செய்தி, கேட்போர்க்குப் பயன்படுவதாய், ஆராய்ந்து தெளியத்தக்கதாய், பிறர் கூறாது விடுவதாய் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் பொருந்திய ஒரு செய்தி நாள்தோறும் கிடைப்பினும் அந்நிலையம் தன் பணியைச் செய்ததாகும். அதனை ஒலிபரப்ப மாணவர்க்குத் துணிவும், கேட்டுப் பொறுக்க ஆசிரியர்க்கு மனமும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் எஞ்சுவது பிறர் செய்தியின் எதிரொலியே.