இரு பெருநாள்களும் ஒரு பெயரும்

மலேசியாவில் 2004 முதல் 2006 வரை மூன்று ஆண்டுகள் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் சில நாள் இடைவெளியில் வந்தன. முன்னது அமாவாசையை ஒட்டியது. பின்னது அதனை அடுத்த பிறையைச் சார்ந்தது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவாதலால், ஏறக்குறைய 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவை நெருங்குவது இயல்பே. இவ்வியல்பான நிகழ்விலிருந்து 'தீபராயா' என்றொரு கூட்டுப்பெயர் புழக்கத்திற்கு வந்தது.

2006 ஜூனில் பேராக்கில் கூடிய உலமாக்கள் மாநாடோ, கூட்டுக் கொண்டாட்டங்களுடன் திறந்த இல்ல உபசரிப்பையும் மறுபரிசீலனை செய்யக் கோரியது.

இவ்விரு போக்குகளிலும் நாம் ஒரே பிழையைக் காண்கிறோம். வழிபாடு வேறு, விருந்தோம்பல் வேறு என்பதை இரண்டுமே மறந்தன. ஒன்று இரண்டையும் கலந்தது; மற்றொன்று இரண்டையும் சேர்த்தே ஐயுற்றது.

ஒரு மாத நோன்பின் நிறைவும் தீபத் திருநாளும் பொருளால் ஒன்றல்ல. ஒன்றெனக் கூறுவது இரு சமயங்களுக்கும் மரியாதையாகாது. ஆயினும், நம்மோடு போரிடாத பிற சமயத்தாருக்கு நன்மையும் நீதியும் செய்வதை இறைவன் தடுக்கவில்லை என்பது அல்மும்தஹினா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் தரும் தெளிவு.

மொழியால் தமிழ் இந்துக்களோடும் மார்க்கத்தால் மலாய்க்காரரோடும் இணைந்த மலேசியத் தமிழ் முஸ்லிம்கள் இவ்வேறுபாட்டை நன்கறிவர். அண்டை வீட்டு முறுக்கைப் பெற்றுக்கொள்வதால் எவரது ஈமானும் குறைந்துவிடுவதில்லை. பெருநாள் பிரியாணியை உண்பதால் எவரும் தம் சமயத்தை இழந்துவிடுவதுமில்லை.

2037ஆம் ஆண்டு வாக்கில் இவை மீண்டும் நெருங்கும். அப்போது பெயர்கள் இரண்டாகவே இருக்கட்டும். வாசல்கள் திறந்தே இருக்கட்டும்.