மனிதத் தோற்ற ஆய்வும் மொழிக்குடும்பப் பெயர்களும்

மனிதனின் தோற்றத்தை ஆராயும் துறைகள் பல. கற்கருவிகளைக் கொண்டு தொல்லியலாரும், எலும்புகளைக் கொண்டு உடல்சார் மானிடவியலாரும், மரபணுக்களைக் கொண்டு உயிரியலாரும், சொற்களைக் கொண்டு ஒப்பியல் மொழிநூலாரும் இவ்வாய்வில் ஈடுபட்டுள்ளனர். இந்நால்வரும் 'தோற்றம்' என்னும் ஒரே சொல்லை ஆள்கின்றனர். ஆயினும் அச்சொல்லால் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. இவ்வேறுபாடு உணரப்படாமையால் ஒரு துறையின் ஊகம் மற்றொரு துறையின் சான்றாக இடம்பெயர்கின்றது. இந்திய மக்களின் தொன்மை பற்றிய எழுத்துகளில் காணப்படும் குழப்பத்திற்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

கால அளவே முதலில் நோக்கற்பாலது. சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் 1863-இல் இராபர்ட் புரூசு ஃபூட் கற்கருவியொன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே அத்திரம்பாக்கமும் அறியப்பட்டது. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் உடனாய்வாளரும் நிகழ்த்திய அகழாய்வின்படி அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை. இம்முடிவு 2011-இல் வெளியாயிற்று. இன்றைய மனித இனத்தின் மிகப் பழைய எச்சங்களாக 2017-இல் அறிவிக்கப்பட்ட மொராக்கோ நாட்டு எலும்புகளோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை. எனவே அத்திரம்பாக்கத்தின் முதற் கருவிகளைச் செய்தோர் இன்றைய மனித இனத்தார் ஆகார். மொழி ஒப்பியல் முறை எட்டாயிரம் அல்லது பத்தாயிரம் ஆண்டுகட்கு அப்பால் உறவை உறுதியாக நிறுவ வல்லதன்று என்பது மொழியியலார் பலரின் கருத்து. திராவிடக் குடும்பத்தின் கிளைப்பிரிவுக்கு 2018-இல் வெளிவந்த ஒரு புள்ளியியல் ஆய்வு கணித்த வயது ஏறத்தாழ 4500 ஆண்டுகள். 15 இலட்சத்தையும் 4500-ஐயும் 'தமிழரின் தொன்மை' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடுக்குவது ஆராய்ச்சியன்று; கூட்டல் பிழையே.

பெயரிடுதலால் விளையும் மயக்கம் இதனினும் ஆழமானது. கால்டுவெல் 1856-இல் 'திராவிட' என்னும் சொல்லை ஒரு மொழிக்குடும்பத்தின் பெயராக நிலைநிறுத்தினார். 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பை நடத்திய ரிசிலி, மூக்கின் அகல உயர விகிதம் முதலிய அளவுகளைக் கொண்டு இந்திய மக்களை ஏழு வகைகளாகப் பகுத்தார். அவ்வேழனுள் நான்கின் பெயரில் 'திராவிட' என்னும் சொல் இடம்பெற்றது. இலக்கணத்தால் நிறுவப்பட்ட உறவு இவ்வாறு மூக்கிற்கு மாற்றப்பட்டது. மொழியின் பெயரைக் குருதிக்குச் சூட்டுதல் தகாது என மாக்சு முல்லர் 1888-இலேயே எச்சரித்திருந்தார். அம்மயக்கம் பரவுவதற்கு அவருடைய முந்தைய எழுத்துகளும் ஓரளவு துணைபோயின என்பதும் மறுக்கவியலாதது.

மரபணுவியல் இம்மயக்கத்தைத் தீர்க்கும் என எதிர்பார்க்கப்பட்டது. ஓரளவு தீர்த்தும் உள்ளது. 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளிவந்த கட்டுரையில், தங்கராசு, லால்சி சிங், டேவிட் ரைக் முதலியோர் தாம் கண்ட இரு பழங்கூறுகட்கு 'மூதாதை வட இந்தியர்', 'மூதாதை தென்னிந்தியர்' என்றே பெயரிட்டனர். மொழிப்பெயரை விலக்கித் திசைப்பெயரைத் தெரிந்த அந்நெறி பாராட்டத்தக்கது. இன்றைய இந்தியக் குழுக்களுள் பெரும்பாலானவை இவ்விரண்டின் கலப்பே என்பதும் அக்கட்டுரையின் முடிபு. இருப்பினும் அதனைப் படித்தோர் பலர் வடக்கை ஆரியமெனவும் தெற்கைத் திராவிடமெனவும் தாமே பெயர்த்துக் கொண்டனர். 2019-இல் வெளியான இராகிகடி ஆய்வுக்கும் இதே கதி நேர்ந்தது. அங்கு ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து மட்டுமே முழுமையாக ஆராயத்தக்க மரபணு கிடைத்தது. அவள் எம்மொழி பேசினாள் என்பதை அவ்வெலும்பு கூறாது. சிந்துவெளி எழுத்தும் இன்னும் படிக்கப்படவில்லை.

மொழியும் வழிமரபும் ஒருங்கு செல்லாமைக்குச் சான்றுகள் இந்நிலப்பரப்பிலேயே மிகுதி. ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் கருநாடகத்தில் கன்னடமும் கொங்கணியும், குசராத்தில் குசராத்தியும் பேசுகின்றனர். முண்டா மொழிகளைப் பேசுவோர்பால் தந்தைவழிக் கூறு பெருமளவு தென்கிழக்கு ஆசியத் தொடர்புடையதாகவும் தாய்வழிக் கூறு இந்தியாவிற்கே உரியதாகவும் இருத்தலை 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அம்மொழியை இங்குக் கொணர்ந்தோர் பெரும்பாலும் ஆடவர் என இதனால் கருதப்படுகின்றது. அவ்வாறாயின் முண்டாரியைத் 'தாய்மொழி' என்பது வழக்காற்றளவில் பொருந்துமேயன்றி வரலாற்றளவில் பொருந்தாது!

எல்லாவற்றினும் கருதத்தக்கது பலூசித்தானத்துப் பிராகூயி. அம்மொழி திராவிடக் குடும்பத்தது என்பதில் எமனோ முதலிய அறிஞர்க்கு ஐயமில்லை. அதனைப் பேசுவோர் மரபணுவால் தம்மை அடுத்து வாழும் பலூச்சியரையே ஒத்துள்ளனர் என்றும், இந்தியாவிலுள்ள திராவிட மொழியினரோடு அவர்கட்குத் தனி நெருக்கம் இல்லை என்றும் 2017-இல் வெளிவந்த ஆய்வு கண்டது. இதனை இருவகையாக விளக்கலாம். பண்டு வடமேற்கில் பரவியிருந்த திராவிட மொழியினரின் எச்சம் அவர்கள். நெடுங்காலக் கலப்பால் உடற்கூறு மாறியது என்பது ஒன்று. பிற்காலத்தில் தெற்கிலிருந்து சென்ற சிறுகுழுவின் மொழியை அங்கிருந்தோர் ஏற்றனர் என்பது மற்றொன்று. இவற்றுள் எது சரியென மரபணு தனித்து முடிவு கூற இயலாது. பிராகூயியில் புகுந்த ஈரானியக் கடன்சொற்களின் ஒலிவடிவமும் அவை புகுந்த படிநிலையுமே இங்கு வழிகாட்ட வல்லவை. அப்பணி மொழிநூலாருடையது.

ஆனால் மரபணு ஆய்வுகளின் பட்டியல்களில் பிராகூயி 'திராவிடர்' என்னும் ஒற்றைத் தலைப்பில் குறிக்கப்படுதலே பெருவழக்கு. குழுக்களை மொழிக்குடும்பத்தால் முன்னரே வகுத்துக்கொண்டு, பெற்ற முடிவை அம்மொழிக்குடும்பத்தின் பரவலுக்குச் சான்றாகக் காட்டுவது வட்டமாகச் சுழலும் வாதமாகும். பிராகூயி பேசுவோருள் மிகப்பலர் பலூச்சியும் அறிந்த இருமொழியாளர். எத்தலைமுறையில் எம்மொழி வீட்டுமொழி ஆயிற்று என்ற வினாவிற்கு அப்பட்டியல்களில் இடமே ஒதுக்கப்படுவதில்லை.