மீன் சந்தையில் ஒரு பெயரடை

திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூரின் நீளமான ஆங்கிலச் சொற்களை யாரும் பொருட்படுத்திக் கோபித்ததில்லை. 2017 மே மாதம் ஒரு தொலைக்காட்சியின் குற்றச்சாட்டுகளை மறுக்க 'ஃபராகோ' (கதம்பக் குவியல்) என்றார். ஊரே அகராதியைப் புரட்டியது. 2018இல் மோடி பற்றிய தம் நூலை அறிவிக்கும்போது 29 எழுத்துள்ள சொல் ஒன்றை எடுத்துவிட்டார், மீம்ஸ் பறந்தன. வில்லங்கம் வந்தது 'ஸ்குவீமிஷ்' என்ற சின்னப் பெயரடையால்.

2019 மார்ச். திருவனந்தபுரத்தில் ஓட்டுக் கேட்டு மீன் சந்தைக்குப் போனவர், அங்கே கிடைத்த உற்சாக வரவேற்பை ட்விட்டரில் பதிந்தார். மீனைக் கண்டாலே ஒவ்வாத சைவ எம்.பி.யான தமக்கே இவ்வளவு வரவேற்பா என்பது செய்தியின் சாரம். 'சைவ' என்பதற்கு முன்னால் அந்தப் பெயரடையை வினையடையாக்கிச் செருகியிருந்தார். மீனவர்களைப் பார்த்து அருவருப்படைகிறார் என்று எதிரணியினர் பிடித்துக்கொண்டார்கள்.

'ஸ்குவீமிஷ்' குறை சொல்வது பார்க்கப்படும் பொருளை அல்ல, பார்ப்பவரின் வயிற்றை. ரத்தத்தைக் கண்டால் மயங்குகிறவர், ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் எல்லாம் இதில் அடக்கம். இங்கிலீஷ்காரர் தம்மைப் பற்றி இப்படிச் சொன்னால் அது சுயகேலி. நம் வீடுகளில் "எனக்குக் கவிச்சி ஆகாது" என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். மீன் விற்கும் அம்மாளிடம் இதைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார். 'அருவருப்பு' என்று பெயர்த்தால் கதையே வேறு. அந்தச் சொல்லின் விரல் எதிரே இருப்பவரை நோக்கி நீளும்.

29 எழுத்துச் சொல் யாருக்கும் புரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் அது வெறும் வாணவேடிக்கை. அரைகுறையாகப் பரிச்சயமான சொல்தான் ஆபத்து. அவரவர் அறிந்த பாதியை வைத்து மீதியை நிரப்பிக்கொள்வார்கள்.

எதிரணியிலும் நியாயம் குறைவு. 2018 வெள்ளத்தில் படகோடு வந்து உயிர்களைக் காத்த கேரள மீனவர்களை நோபல் அமைதிப் பரிசுக்கு முன்மொழிந்தவர் தரூர். அவருக்கு மீனவர்மேல் அருவருப்பு என்பது வீம்புக்குச் செய்த மொழிபெயர்ப்பு. ஆனால் எதிரணிக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று அவர் அளித்த பதில் எனக்கு ஒப்பவில்லை. சந்தையில் கைகொடுத்தவர்களைப் பற்றி, அவர்களில் பலர் படிக்க வாய்ப்பில்லாத மொழியில், டெல்லியிலும் மும்பையிலும் இருப்பவர்கள் ரசிப்பதற்காக எழுதப்பட்ட வாசகம் அது. நடுவில் யார் மொழிபெயர்த்துச் சொல்கிறார்களோ அவர்கள் சொன்னதுதான் பொருள்.

அபூர்வச் சொல்லே கூடாது என்பதல்ல. 2020இல் வந்த 'தரூரோசாரஸ்' அவருடைய சொல்மோகத்துக்கு உரிய இடம். சொல்லை ரசிக்க வருகிறவர்தான் அந்தப் புத்தகத்தை வாங்குவார். நம் மேடைகளில் அண்ணாவின் அடுக்குமொழியும் அலங்காரம்தான். கேட்கும்போதே புரிந்துவிடும், அகராதி தேவையில்லை. தரூருக்கும் அந்த வித்தை தெரியாததல்ல. 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு யூனியனில் காலனியாட்சிக்கு இழப்பீடு கேட்டு அவர் பேசிய பேச்சு உலகம் சுற்றியது எளிய சொற்களாலும் புள்ளிவிவரங்களாலும்தான். ஆண்டுக்கு ஒரு பவுண்டு, 200 ஆண்டுகளுக்குப் போதும் என்றார். 'ஃபராகோ' நினைவிருக்கிறது, அவர் எதை மறுத்தார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள்.

அந்த 2019 தேர்தலில் தரூர் 99,989 வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். 2014இல் வித்தியாசம் சுமார் 15,000தான். ஆகவே அந்தப் பெயரடை ஓட்டைக் கெடுத்தது என்று சொல்ல வழியில்லை. பிரசாரம் சூடுபிடித்த நேரத்தில் ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்ல வைத்தது, அவ்வளவுதான்.