ஜிம் ரீவ்ஸ்: மரணத்தின் பின் நீண்ட குரல்

வாப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் ஜிம் ரீவ்ஸ் பாடத் தொடங்கினால் வீட்டில் யாரும் பேசக்கூடாது. அந்த மென்மை பிறவியிலேயே வந்தது என்றுதான் நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அப்படியல்ல.

1923இல் டெக்ஸஸில் பிறந்தவர் ரீவ்ஸ். பேஸ்போல் ஆடி, காலில் காயமுற்று, வானொலி அறிவிப்பாளராகிப் பின்னர் பாடகரானார். 1953இல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'மெக்சிக்கன் ஜோ'வில் உரத்தே பாடுகிறார். 1957இன் 'ஃபோர் வோல்ஸ்' பாடலில்தான் ஒலிவாங்கியை நெருங்கி, குரலைத் தாழ்த்தினார். கூட்டத்துக்குப் பாடியவர் ஒருவரின் காதோடு பேசத் தொடங்கினார். கன்ட்ரி இசையின் கரடுமுரடு அதில் மழுங்கியது என்று குறைப்படுவோர் உண்டு; எனக்கு அது இழப்பாகப் படவில்லை.

1964 ஜூலை 31இல், தானே ஓட்டிச் சென்ற சிறுவிமானம் நாஷ்வில் அருகே விழுந்து மரணமானார். வயது 40. மனைவி மேரி எஞ்சிய பதிவுகளை ஆண்டுக்கணக்கில் வெளிக்கொணர்ந்தார். பழைய பதிவொன்றுக்கு வாத்தியங்கள் சேர்த்து வெளிவந்த 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' 1966இல் பிரித்தானியாவில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. இதுவரை சரி. 1981இலோ, 1963இல் விமான விபத்தில் மாண்ட பாட்சி கிளைனின் குரலோடு இவர் குரலை இணைத்து ஜோடிப் பாடலாக்கினார்கள். இருவரும் சேர்ந்து அதைப் பதிவு செய்ததே இல்லை.

மறைந்த கவிஞனின் குறிப்பேட்டை அச்சேற்றுவது வேறு. அதில் நாம் வரி சேர்ப்பது வேறு. அந்த ஜோடிப் பாடலை நான் ஒருமுறைதான் கேட்டேன்.