சேஸ் கம்பெனியுடையது, முகம் முதலாளியுடையது

கிருஷ்ணன்கோவிலில் வத்திராயிருப்புச் சாலை பிரிகிற இடத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலை அது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும். பெரும்பாலும் லேலண்டு, இல்லையென்றால் டாடா. ஆனாலும் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒன்றின் நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், மற்றொன்றில் பேத்தியின் பெயர். கேபின் ஓரமெல்லாம் பூவேலை, பம்பரில் திருஷ்டிக்குக் கட்டிய கறுப்புக் கயிறு.

அமெரிக்க இளைஞர்கள் 1932ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு காரின் கூரையைத் தணித்து, எஞ்சினை மாற்றி 'ஹாட் ராட்' செய்தார்கள். வண்டியைத் தன் விருப்பப்படி மாற்றும் அந்த ஆசைக்குத் தமிழ்நாட்டில் இடம் கொடுத்தவை லாரியும் பஸ்ஸும். கார் முழுதாக முடிந்து வருகிறது. இவையோ நெடுங்காலம் வெறும் சேஸாகவே வாங்கப்பட்டன. எஞ்சினும் சக்கரமும் ஸ்டியரிங்கும் மட்டுமுள்ள வண்டியை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டி வருவார் டிரைவர். பஸ் என்றால் கரூர். லாரி என்றால் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி. முகம் அங்கேதான் பிறக்கும்.

இந்த வழக்கத்தின் பெரிய பலம் அழகைவிடப் பொருத்தம். முட்டை ஏற்றுபவருக்கு வேண்டிய பாடி வேறு, சிமெண்ட் ஏற்றுபவருக்கு வேறு. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் வட இந்தியா வரை போய்க் கிணறு போடுகின்றன. நெடுந்தூர டிரைவருக்குக் கேபின்தான் வீடு. படுக்கை எவ்வளவு நீளம், சாமி படம் எந்தப் பக்கம், தண்ணீர் கேன் எங்கே என்று பட்டறைக்காரர் கேட்டுக் கேட்டுக் கட்டுகிறார். தொழிற்சாலை இதையெல்லாம் கேட்பதில்லை. கடன் வாங்கி, நகையை அடகு வைத்து வண்டி எடுத்தவர் தன் ரசனையை ஊரறிய எழுதிவைக்கிறார் என்பதும் மதிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் அந்த ரசனை இன்று எவ்வளவு சொந்தம்? பிரஷ் பிடித்த ஆர்ட்டிஸ்ட் எழுதிய காலத்தில் எழுத்தைப் பார்த்தே எந்த ஊர் வேலை என்று சொல்லிவிடலாம். இப்போது கம்ப்யூட்டரில் வெட்டிய ஸ்டிக்கர். அதே சிங்க முகம், அதே எல்இடி பட்டை, பத்து வண்டியில்.

இதைவிடக் கடுமையான குறை உயிர் சம்பந்தப்பட்டது. 2025 அக்டோபர் 14 அன்று ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் அருகே, ஏசி வசதிக்கு மாற்றப்பட்ட தனியார் ஸ்லீப்பர் பஸ் எரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏஐஎஸ் 052 என்ற பஸ் பாடி விதி அவசர வழியையும் கூட்டின் உறுதியையும் வரையறுக்கிறது. அதை மீறிக் கட்டும்போது முதலாளியின் விருப்பத்துக்குப் பயணி விலை கொடுக்கிறார். கார்களில் மாட்டும் இரும்பு முன் பம்பரும் அப்படித்தான். நடந்து போகிறவரை அது கூடுதலாகக் காயப்படுத்தும், ஏர்பேக் விரிவதையும் கெடுக்கும் என்பதால் மத்திய அரசு 2017 டிசம்பரில் அதைத் தடை செய்தது. தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டம் சரியே. அமலாவதில்தான் கோளாறு. 2022 அக்டோபர் 5 இரவு, பள்ளி மாணவர்களை ஊட்டிக்கு ஏற்றி வந்த சுற்றுலா பஸ் கேரளத்தின் வடக்கஞ்சேரியில் அரசு பஸ்ஸின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. அதன்பின் அங்கே மிகவும் பேசப்பட்ட நடவடிக்கை, சுற்றுலா பஸ்களுக்கெல்லாம் வெள்ளை நிறத்தைக் கண்டிப்பாக்கியது. எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளை அகற்றியது நியாயம். ஆனால் பெயிண்ட் யாரையும் கொன்றதில்லை. தோலைத் தண்டித்து எலும்பைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த விபத்தைத் தடுக்க முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. ஆடிப்பூரத்துக்குக் கட்டும் துணியிலும் தோரணத்திலும் ரசனைக்கு இடமுண்டு. அச்சிலும் சக்கரத்திலும் யாரும் தன் இஷ்டத்தைக் காட்டுவதில்லை.

எஃப்.சி. பார்க்கும் அதிகாரி பூவேலையை விட்டுவிட்டு வேகக் கருவியையும் அவசரக் கதவையும் சோதிக்கட்டும். அடுத்த பஸ்ஸுக்குப் பாடி கட்டக் கொடுக்கும் முதலாளி, பட்டறையில் நிறம் சொல்வதற்கு முன், அந்தக் கதவை உள்ளிருந்து ஒருமுறை தன் கையாலேயே திறந்து பார்க்கட்டும்.