வடக்கு வெயில் வரும் வீடுகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ள ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தால், படுக்கையறைகள் எத்தனை, கார் எத்தனை நிறுத்தலாம் என்ற விவரங்களுக்குப் பக்கத்திலேயே ‘நார்த் ஃபேசிங்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஆக்லாந்துக்குக் குடிவந்தவர்களுக்கு வடக்குப் பார்த்த வீடு என்றதும் வாஸ்துதான் நினைவுக்கு வரும். விற்கிறவர் சொல்வதோ வெயிலைப் பற்றி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 37 பாகையில் இருக்கும் ஊர் இது. நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கு வானில்தான் நிற்கும். கிழக்கே உதித்து, வடக்கு வழியாக மேற்கே இறங்கும். தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழுவது கோடைக்காலத்தின் காலையிலும் மாலையிலும் மட்டுமே.

இந்த ஒரு மாற்றத்தால் வீட்டுக்குள் எல்லாமே இடம் மாறுகிறது. சோபா எங்கே, சாப்பாட்டு மேசை எங்கே, எந்தச் சுவருக்கு எந்த வெள்ளை என்று ஒவ்வொன்றையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தால் நல்ல வெளிச்சம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். வெளிச்சத்தை ரசிக்கத் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது கண்ணாடியின் அளவை அன்று. வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது, கண்ணுக்கு வந்து சேரும் முன் எதன்மேல் பட்டுத் தெறிக்கிறது என்ற இரண்டையும்தான்.

ஜூன் பிற்பகுதியின் நண்பகலில் ஆக்லாந்துச் சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகைகூட ஏறாது. டிசம்பர் பிற்பகுதியில் 76 பாகையைத் தாண்டிக் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். நல்ல கட்டடக் கலைஞருக்கு இந்த வித்தியாசமே மூலதனம். வடக்கு ஜன்னலின் தலைக்கு மேல் கூரை விளிம்பை 60 செ.மீ. நீட்டிவிட்டால், டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் சுவரில் இரண்டரை மீட்டர் கீழே இறங்கி ஜன்னல் முழுவதையும் மூடிவிடும். ஜூனில் அதே விளிம்பின் நிழல் வெறும் 34 செ.மீ. அதற்குக் கீழே வெயில் தடையின்றி நுழைந்து, மூன்று மீட்டர் தூரம் தரையில் படர்ந்து கிடக்கும். திரையை யாரும் இழுக்க வேண்டாம், பொத்தான் எதையும் அழுத்த வேண்டாம். வீடே கோடையில் குடை பிடிக்கிறது, குளிர்காலத்தில் மடக்கி வைக்கிறது. கணக்கு இவ்வளவு எளிது என்பதால் இதன் அழகு குறைந்துவிடுவதில்லை.

1990களில் மத்தியதரைக்கடல் பாணி என்ற பெயரில், கூரை விளிம்பே இல்லாத பிளாஸ்டர் சுவர் வீடுகள் நியூசிலாந்தில் பரவலாயின. மழைநீர் சுவருக்குள் இறங்கி, பதப்படுத்தாத மரச்சட்டங்கள் உளுத்துப்போன ‘லீக்கி ஹோம்’ துயரம் நாடறிந்தது. அந்தப் பேச்சில் இன்னொரு இழப்பு மறைந்துபோனது. மழையைத் தடுத்திருக்க வேண்டிய அதே விளிம்புதான் கோடை வெயிலையும் தடுத்திருக்கும். அது போனதும், பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு மின்விளக்கு போட்டுக்கொள்ளும் வரவேற்பறைகள் உருவாயின.

தமிழ் வீட்டின் வெளிச்ச அறிவு வேறொரு வானத்தின் கீழ் விளைந்தது. காரைக்குடியின் செட்டிநாட்டு வீடுகளும் யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளும் வெளிச்சத்தை முற்றத்தின் வழியாக வீட்டின் நடுவில் இறக்கின. வெயில் முற்றத்துத் தரையில் விழும், தாழ்வாரத்தில் தணியும், உள்ளறைக்குப் போகும்போது மென்மையாகிவிடும். செட்டிநாட்டில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர்ப் பூச்சு பளிங்காக மின்னி, அந்த மிச்ச வெளிச்சத்தையும் ஒரு அறை தள்ளி அனுப்பிவைக்கும். திண்ணையிலிருந்து உள்கட்டு வரைக்கும் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே வீட்டுக்குள் ஐந்தாறு விதமான பகல்கள் இருக்கின்றன.

அந்த முற்றத்தை அப்படியே ஈஸ்ட் டாமாக்கிக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. மூன்று மீட்டர் உயரமுள்ள கூரை விளிம்பு, டிசம்பர் நண்பகலில் காரைக்குடி முற்றத்தில் 2 மீட்டர் நிழலைத்தான் போடும். ஆக்லாந்தில் ஜூன் நண்பகலில் அதே விளிம்பின் நிழல் 5 மீட்டரைத் தாண்டிவிடும். அதாவது தெற்கு வடக்காக 5 மீட்டர் அகலமுள்ள முற்றம் கட்டினாலும், குளிர்காலம் முற்ற முற்ற அதன் தரையில் நண்பகல் வெயிலே படாது, பாசிதான் படரும். முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் வெளிச்ச அறிவைக் கொண்டுவரலாம். நான்கு பக்கமும் மூடிய சதுரத்துக்குப் பதிலாக, வடக்குப் பக்கத்தைத் தாழ்த்தியோ திறந்தோ விட்ட ‘ப’ வடிவ வீடு இங்கே அந்த வேலையைச் செய்யும்.

நியூசிலாந்துக்காரர்களும் வெயிலைப் பார்த்துக் கட்டுவதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. ஆக்லாந்தின் பொன்சன்பி, கிரே லின் பகுதிகளில் இன்றும் வரிசையாக நிற்கும் பழைய மரவீடுகளை, அங்கே ‘வில்லா’ என்பார்கள், சூரியனைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக் கட்டினார்கள். அலங்கார ஜன்னல் வைத்த முன்னறை தெருப்பக்கம், நடுவில் நீண்ட இருட்டு நடை, சமையல் பின்கட்டில். தெரு வடக்கே இருந்தால், விருந்தாளி வரும்போது மட்டும் திறக்கும் முன்னறைக்கு வெயில், நாளெல்லாம் உழைக்கும் சமையலறைக்குக் குளிர். 1937இல் முதல் தொழிற்கட்சி அரசு கட்டத் தொடங்கிய அரசு வீடுகள் இந்த வழக்கத்தை மாற்றின. தெரு எந்தப் பக்கம் இருந்தாலும், மக்கள் புழங்கும் அறை சூரியனைப் பார்க்க வேண்டும் என்று திட்டமிட்டார்கள். ஈஸ்ட் டாமாக்கிக்கு அண்டையிலுள்ள ஓட்டாராவிலும் அப்படியான அரசுக் குடியிருப்பு பிற்பாடு எழுந்தது. வாடகைக்கு விட்ட எளிய வீடுகளில் வெயிலை ஓர் உரிமையாகவே கணக்கிட்ட அந்தத் திட்டக்காரர்கள் பெரும் மரியாதைக்குரியவர்கள்.

1946இல் ஆக்லாந்தின் கட்டடக்கலை மாணவர்கள் சிலர் ‘குரூப்’ என்று ஒன்றுகூடி, இந்த நாட்டின் வானிலைக்கும் வாழ்க்கைக்கும் பொருந்தும் வீடு வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். டாக்கபுனாவில் அவர்கள் தம் கையாலேயே கட்டி எழுப்பிய ‘முதல் வீடு’ 1950இல் முடிந்தது. தடுப்புச் சுவர்களைக் குறைத்து, அறைகளை ஒன்றுக்குள் ஒன்று திறந்துவிட்ட அந்தச் சிந்தனை, இன்று ஈஸ்ட் டாமாக்கி ஹைட்ஸ் மேட்டில் சமையலறையும் சாப்பாட்டு இடமும் கூடமும் ஒன்றாகக் கிடக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது.

ஆனால் நியூசிலாந்தில் வெளிச்சத்தையே கட்டுமானப் பொருளாக்கிய ஓர் இடத்தைச் சொல்லச் சொன்னால், வெலிங்டனின் கரோரியில் உள்ள ஃபுட்டூனா சிற்றாலயத்தைத்தான் சொல்ல வேண்டும். மாவோரி வம்சாவளியினரான ஜான் ஸ்காட் வடிவமைத்தது, துறவிகளே தம் கையால் கட்டியது, 1961இல் திறந்தது. நடுவில் ஒற்றை மரத்தூண். அதிலிருந்து கிளைத்து மேலேறும் கூரை. சரிவுகளுக்கு இடையில் சிற்பி ஜிம் ஆலனின் வண்ண அக்ரிலிக் பலகைகள். சூரியன் நகர நகரச் சிவப்பும் நீலமும் மஞ்சளும் சொரசொரப்பான வெள்ளைச் சுவரில் ஊர்ந்துபோகும். காலையில் பார்த்த சுவரை மாலையில் அடையாளம் தெரியாது. சுவரின் சொரசொரப்புக்கு இதில் பெரும் பங்கு உண்டு. வழவழப்பான சுவராக இருந்திருந்தால் அந்த நிறங்கள் இவ்வளவு கனிந்திருக்காது.

இந்த நாட்டின் வெளிச்சம் தனி ரகமா என்று ஓவிய விமர்சகர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். கோர்டன் பிரவுனும் ஹேமிஷ் கீத்தும் 1969இல் எழுதிய நியூசிலாந்து ஓவிய வரலாற்றில், இங்குள்ள கூர்மையான, கடுமையான ஒளிதான் இந்நாட்டு ஓவியத்துக்கு ஒரு முகம் தந்தது என்ற கருத்தை முன்வைத்தார்கள். 1983இல் ஃபிரான்சிஸ் பவுண்ட் அதை மறுத்தார். ஓவியர்கள் வரைந்தது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த பார்வையைத்தான் என்றார். ஓவியத்தைப் பொறுத்தவரை பவுண்ட் சொல்வதில் நியாயம் இருக்கலாம். வீட்டுக்குள் நிற்பவருக்கு அந்தக் கடுமை கண்கூடு. கடல்காற்று கழுவிய, தூசு குறைந்த வானம்; கத்தரித்த விளிம்புள்ள நிழல்கள்; பத்து நிமிடத்தில் மேகம் மூடித் திறந்து அறையின் நிறமே மாறும் வேகம். கோடையில் புற ஊதாக் கதிரின் அளவும் மிக அதிகம். சாதாரணக் கண்ணாடி அதை முழுவதும் தடுக்காது. வடக்கு ஜன்னலோரம் போட்ட கம்பளமும், சட்டமிட்டு மாட்டிய திருமணப் புகைப்படமும் சில கோடைகளில் வெளுத்துவிடுவது அதனால்தான்.

ஆகவே ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த தஞ்சாவூர் ஓவியத்தை மாட்டும் இடம் சாதாரண முடிவன்று. மேடாக எழுப்பிய பூச்சின்மேல் ஒட்டிய தங்க ரேக்குக்கு நேர் வெளிச்சம் எதிரி. எதிரே பெரிய ஜன்னல் இருந்தால் கண்ணாடிச் சட்டத்தில் ஜன்னல்தான் தெரியும். பக்கவாட்டிலிருந்து தணிந்த ஒளி வரும் சுவரில் மாட்டினால், மேட்டின் ஒரு பக்கம் மின்னி மறுபக்கம் நிழலாகி, கிருஷ்ணனின் கை வளையும் கிரீடமும் எழுந்து நிற்கும். ஆக்லாந்தில் அந்தச் சுவர் பெரும்பாலும் தெற்கு ஜன்னல் உள்ள அறையில் கிடைக்கும்.

தெற்கு வெளிச்சத்தை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. போட வேண்டும். வடகோளத்து ஓவியர்கள் பட்டறைக்கு வடக்கு ஜன்னல் தேடியது, நாள் முழுவதும் மாறாத, நேர் வெயில் படாத ஒளிக்காக. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பழைய நூற்பாலைகளில் கூரையின் செங்குத்துக் கண்ணாடிகளை வடக்கே திருப்பியதும் அதற்குத்தான். தென்கோளத்தில் அந்தப் பெருமை தெற்குக்கு. கிடங்குகளும் தொழிற்கூடங்களும் நிறைந்த ஈஸ்ட் டாமாக்கியில் தகரக் கூரைக்கு நடுநடுவே ஒளி புகும் தகடுகள் பதித்திருப்பதைப் பார்க்கலாம். பகலில் விளக்கில்லாமல் வேலை நடக்கச் செய்யும் எளிய உத்தி. நம்மூர் ஓட்டுவீட்டில் சமையலறைக்கு மேல் ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதிக்கும் கொத்தனாரின் அறிவும் இதுவே. வீட்டுக்கு ஸ்கைலைட் வைப்பவர்கள் கூரையின் தெற்குச் சரிவில் வைத்தால், வெப்பம் குறைந்த, நிதானமான வெளிச்சம் இறங்கும். வடக்குச் சரிவில் வைத்தால் டிசம்பர் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக உள்ளே கொட்டும்.

தெற்கு அறையின் ஒளியில் நீலம் சற்றுத் தூக்கலாக இருக்கும். அங்கே பால்வெள்ளை அடித்தால் ஆஸ்பத்திரி வாடை வந்துவிடும். மஞ்சளோ சிவப்போ இழையோடும் வெள்ளைதான் பொருந்தும். நியூசிலாந்தின் ரெசீன் நிறுவனம் ஒவ்வொரு நிறத்துக்கும் அது எவ்வளவு ஒளியைத் திருப்பித் தரும் என்ற எண்ணையும் தருகிறது; ஒரே வெள்ளையைப் பாதி, கால் என்று செறிவு குறைத்தும் விற்கிறது. நிற அட்டையைக் கடை விளக்கில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, ஒரு பலகையில் அடித்து எடுத்துவந்து அறையின் நான்கு சுவரிலும் காலை, மதியம், மாலை சாய்த்து வைத்துப் பார்ப்பது மேல்.

சட்டம் கேட்பது மிகக் குறைவு. நியூசிலாந்துக் கட்டட விதியின் ஜி7 பிரிவு, வசிக்கும் அறையின் தரையில் ஆண்டின் முக்கால் பங்கு பகல் நேரத்துக்கு 30 லக்ஸ் இயற்கை வெளிச்சம் இருந்தால் போதும் என்கிறது. வெளிப்புறச் சுவரில் தரைப்பரப்பின் 10 சதவீத அளவுக்கு ஜன்னல் வைத்துவிட்டால் அந்த விதிக்கு உட்பட்டதாகிவிடும். கீழே கிடக்கும் சாவியைக் கண்டெடுக்க 30 லக்ஸ் போதும். புத்தகம் படிக்கப் போதாது.

ஆக்லாந்தின் ஓர்மிஸ்டன், ஃபிளாட் புஷ் பக்கம் இப்போது நெருக்கமாக எழும் டெரஸ் வீடுகளில் இந்தப் பற்றாக்குறை நன்றாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் அண்டை வீட்டோடு ஒட்டிய சுவர். முன்னும் பின்னும் மட்டுமே ஜன்னல். ஜன்னலின் தலை உயரத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் பயனுள்ள வெளிச்சம் போகும் என்பது வடிவமைப்பாளர்களின் கைக்கணக்கு. 2.1 மீட்டர் ஜன்னலுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 மீட்டர். வீட்டின் ஆழம் 12 மீட்டர் என்றால் நடுப்பகுதி மங்கல்தான், அங்கேதான் படிக்கட்டும் பெரும்பாலும் வரும். படிக்கட்டுக்கு மேலே ஒரு ஸ்கைலைட்டோ, உட்புறம் பளபளக்கும் ஒளிக்குழாயோ வைத்து, படிகளுக்கு இடையே பலகை அடைக்காமல் திறந்துவிட்டால் இரண்டு மாடிக்கும் வெளிச்சம் இறங்கும். மனை வாங்கும் கட்டத்திலேயே கேட்டால் இதற்கான செலவு சிறியது. குடிபுகுந்த பிறகு கூரையை அறுப்பது பெருஞ்செலவு.

2016இல் நடைமுறைக்கு வந்த ஆக்லாந்து நகரத் திட்டத்தில், புறநகர்க் கலப்பு வீட்டு மண்டலத்தில் எல்லைக்கோட்டில் 2.5 மீட்டர் உயரத்திலிருந்து 45 பாகைச் சாய்வுக்குள் கட்டடம் அடங்க வேண்டும் என்ற விதி இருந்தது. அண்டை வீட்டுக்குச் சூரியனை மறைக்காதிருக்கத்தான். ஆனால் ஜூன் நண்பகல் சூரியன் ஏறத்தாழ 30 பாகையில்தான் நிற்கிறது. அந்த விதிக்கு முழுக்க உட்பட்டு வடக்கே எழுந்த இரண்டு மாடி வீடும் குளிர்காலத்தில் தெற்கு வீட்டின் கீழ்த்தளத்தில் நிழல் போடும். வார இறுதி மதியங்களில் நடக்கும் ‘ஓப்பன் ஹோம்’ அரை மணி நேரத்தில் அத்தனை விளக்கும் எரியும்போது இது தெரியாது. வாங்க நினைப்பவர்கள் ஜூன் மாதத்து மூன்று மணிக்கு, சூரியன் ஐந்தே காலுக்குள் மறைவதற்கு முன்னால், விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டுக் கூடத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். வடக்கே இருப்பது காலி மனையென்றால் அதில் என்ன கட்ட அனுமதி உண்டு என்பதையும் நகர மன்றத்தில் விசாரிக்க வேண்டும்.