கணவனா, ஈட்டியா?

தென்மேற்கு நைஜீரியாவில் பேசப்படும் யொரூபா மொழியில் ‘ஒக்கோ’ என்று வாயைத் திறப்பதற்குமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரண்டு அசைகளையும் இடைத்தொனியில் சொன்னால் கணவன். இரண்டாம் அசையை உயர்த்தினால் மண்வெட்டி, தாழ்த்தினால் வண்டி. இரண்டையும் தாழ்த்தினால் ஈட்டி. உயிரும் மெய்யும் மாறவில்லை. பொருளைப் பிரிப்பது குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே. இப்படிப்பட்ட மொழியின் வாய்மொழிக் கவிதையில் குரலை அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அந்த மக்கள் தங்கள் கவிதைகளைப் பிரிக்கும் விதமே இதற்குச் சாட்சி. என்ன சொல்கிறார்கள் என்பதைவிட யார், எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதே பெரும்பாலும் வகையைத் தீர்மானிக்கிறது. ‘ஒரிக்கி’ என்னும் புகழ்மொழியை எடுத்துக்கொள்ளலாம். இரும்பின் தெய்வமான ஒகுனை வழிபடும் வேட்டைக்காரர்கள் அதை ஓதினால் ‘இஜாலா’. மூதாதையரின் ஆவிகளைக் குறிக்கும் எகுங்குன் முகமூடிக்குள்ளிருந்து கீச்சுக்குரலில் வந்தால் ‘இவி’. புலம்பல் சாயலில் இழுத்து இழுத்துச் சொன்னால் ‘ராரா’. சரக்கு ஒன்றாக இருந்தாலும் பழகிய காது குரலை வைத்தே வகையைச் சொல்லிவிடும்.

இந்தக் கலையின் பலம் மொழியின் தொனியை அது மீறாததில் இருக்கிறது. ஓதுதல், பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நிற்கிறது. மெட்டு சொல்லுக்குப் பின்னால்தான் போகும். இதை மீறினால் என்ன ஆகும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேவாலயங்கள் காட்டின. ஆங்கிலப் பக்திப்பாடல்களை யொரூபாவில் பெயர்த்து, பழைய ஐரோப்பிய மெட்டிலேயே பாடவைத்தார்கள். மெட்டு ஏறிய இடத்தில் சொல் இறங்க வேண்டியிருந்தது, பொருள் குழம்பியது. பின்னர் உள்ளூர்ப் பாதிரியார்கள் மொழியின் தொனிக்கு இசைந்த மெட்டுகளைக் கட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஜோசையா ரான்சம்-கூட்டி 1922இல் லண்டனில் தம் பாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். பாடகர் ஃபெலா கூட்டியின் தாத்தா அவர்.

இரண்டாவது பலம், சபை. அடெபோயே பாபலோலா 1966இல் வெளியிட்ட இஜாலா பற்றிய ஆய்வில் ஒரு வழக்கத்தைக் காணலாம். ஒருவர் ஓதும்போது தகவல் பிசகினால், அங்கிருக்கும் இன்னொரு கலைஞர் ஓதலிலேயே குறுக்கிட்டுத் திருத்துவார். முதலாமவரும் ஓதியே தம் பக்கத்தை நிலைநாட்டுவார். எழுதிவைத்த மூலப்பிரதி இல்லாத இடத்தில் கேட்பவரின் நினைவே மெய்ப்புத் திருத்தியது.

பலவீனமும் இங்கேதான் தொடங்குகிறது. கேட்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று இந்தக் கலை எதிர்பார்க்கிறது. தெரியாதவருக்கு அது பெரிதாக இடம் தருவதில்லை. ‘துந்துன்’ என்னும் பேசும் மேளம் இதன் உச்சம். உடுக்கைபோல் இடை சிறுத்த அந்த மேளத்தின் வார்களை அக்குளில் வைத்து அழுத்தினால் தொனி உயரும், விட்டால் தாழும். தொனி அப்படியே வரும். உயிரும் மெய்யும் வராது. ஒரே தொனிக்கோவைக்குப் பல வாசகங்கள் பொருந்தும் என்பதால், மேளக்காரர் எல்லோரும் அறிந்த நீண்ட தொடர்களையே நம்புகிறார். அந்தத் தொடர்களை அறியாத இளைஞருக்கு அது வெறும் தாளம்தான்.

ஒரிக்கியிலும் இதே சிக்கல். ஒக்குக்கு என்னும் சிற்றூரில் 1970களில் தங்கி ஆய்வு செய்த கரின் பார்பர், ஒரிக்கியின் துணுக்குகள் கதைபோல வரிசையாக ஓடுவதில்லை என்று விளக்குகிறார். ஒவ்வொரு துணுக்குக்கும் பின்னால் ஒரு குடும்ப வரலாறு ஒளிந்திருக்கும். அது கவிதைக்கு வெளியேதான் கிடைக்கும். குரலின் வேகம் துணுக்குகளை ஒட்டிக் காட்டிவிடுகிறது. அந்த வேகத்தில் மயங்குபவருக்கு எதுவும் புரிந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பணமும் உள்ளே வருகிறது. நோட்டை நீட்டும் செல்வந்தரின் பெயர் புகழ்மொழியில் உயரும்போது, பிசகைத் திருத்த எந்தச் சபையும் முந்திக்கொண்டு வருவதில்லை.

வானொலி இதற்கு ஒரு மாற்றைத் தந்தது. லன்ரேவாஜு அடெபோஜு போன்றோர் ‘எவி’ என்னும் கவிதையை வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் கொண்டுபோய், அரசியலையும் ஊழலையும் பழைய ஓதல் குரலில் விமர்சித்தார்கள். துணுக்குகளுக்குப் பதில் தொடர்ச்சியான வாதம் வந்தது; எளிய கேட்பவருக்கும் அது எட்டியது. இழப்பும் உண்டு: ஒலிபெருக்கியை யாரும் குறுக்கிட்டுத் திருத்த முடியாது.

அச்சு இன்னும் கடுமையானது. யொரூபா எழுத்தில் உயர்தொனிக்கும் தாழ்தொனிக்கும் குறிகள் உண்டு. அன்றாட எழுத்தில் பலர் அவற்றை விட்டுவிடுகிறார்கள்; விட்டுவிட்டால் கணவனையும் ஈட்டியையும் வாசகர்தான் ஊகிக்க வேண்டும். குறிகள் ஒழுங்காக இருந்தாலும் குரலின் கரகரப்பு, மூச்சு, வேகம் எதுவும் தாளில் ஏறுவதில்லை. ஓயோ பகுதியில் தாய்வீட்டை விட்டுப் புறப்படும் மணப்பெண் ஓதும் ‘எக்குன் இயாவோ’ ஓர் எடுத்துக்காட்டு. ‘மணப்பெண்ணின் அழுகை’ என்பது அதன் பொருள். தேவாலயத் திருமணங்களும் பதிவுத் திருமணங்களும் பெருகியதில் அந்த வழக்கம் அருகிவிட்டது. ஆய்வு நூல்களில் அதன் வரிகள் தொனிக்குறிகளோடு கிடைக்கின்றன. எந்தச் சொல்லில் அவள் குரல் உடைந்தது என்பதைக் காட்ட அச்சில் ஒரு குறியும் கிடையாது.